விட்னி உச்சிக்குப் பிறகும் பதினேழு கிலோமீட்டர்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் ஓடும் ஜான் மியூர் பாதை, யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கித் தெற்கே மவுன்ட் விட்னி உச்சியில் முடிகிறது. நீளம் சுமார் 340 கி.மீ. முடியும் இடம் 4,421 மீட்டர் உயரம். அங்கே சாலை கிடையாது, வண்டி வராது. வீட்டுக்குப் போக வேண்டுமானால் மறுபுறம் இன்னும் 17 கி.மீ. இறங்க வேண்டும். இந்தப் பதினேழைக் கணக்கில் சேர்க்காமல் வருகிறவர்கள்தான் கடைசி நாளில் நொண்டிக்கொண்டு இறங்குகிறார்கள்.

முதல் பாதியில் கடை உண்டு, தபால் நிலையம் உண்டு, மனசு மாறினால் திரும்பிப் போக வழியும் உண்டு. பிற்பாதியில் ஒரு சாலைகூடக் குறுக்கே வராது. அந்தப் பத்து நாள் குறிப்பு மட்டும் இங்கே.

ஆகஸ்ட் 20. மியூர் டிரெயில் ராஞ்ச் – எவல்யூஷன் மெடோ, 13 கி.மீ.

மியூர் டிரெயில் ராஞ்ச் 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு மலைப்பண்ணை. மின்கம்பி கிடையாது, தார்ச்சாலை கிடையாது. சில வாரங்களுக்கு முன்பே ஐந்து கேலன் பிளாஸ்டிக் வாளியில் சாப்பாட்டை அடைத்து, மூடியில் பெயரும் வரப்போகும் தேதியும் எழுதித் தபாலில் அனுப்பிவிட வேண்டும். அது ஏரியைப் படகில் கடந்து பண்ணைக்கு வந்து சேரும். கட்டணம் அதிகம்தான். வாளி வரும் வழியைப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது.

பண்ணை வாசலில் வரிசையாகப் பெரிய வாளிகள். மூட்டையில் இடம் போதாதவர்கள் மிச்சத்தை அதில் போடுவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஓட்ஸ் பொட்டலத்துக்கென்றே தனி வாளி, அதுவும் நிரம்பி வழிகிறது. வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடும்போது எல்லாருக்கும் காலையில் ஓட்ஸ் இறங்கும் என்று தோன்றுகிறது. ஐந்தாவது நாளிலிருந்து இறங்குவதில்லை. காபித் தூள், வேர்க்கடலை வெண்ணெய், பாலாடைக்கட்டி போன்றவை விழுந்த ஐந்து நிமிடத்தில் காணாமல் போகின்றன. ஓரிகனிலிருந்து வந்த வயதான தம்பதி ஒரு பாதாம் பையை வாளியில் போடாமல், “உங்களுக்கு இன்னும் ஒன்பது இரவு, எங்களுக்கு நாளை வீடு” என்று கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இங்கே தீர்க்க வேண்டிய பிரச்சினை ஒன்றுதான்: கரடி டப்பா. மணம் வீசும் எதுவும், பற்பசை, சன்ஸ்கிரீன் உட்பட, திருகுமூடி போட்ட கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போக வேண்டும். பெரிய டப்பாவின் கொள்ளளவு 11.5 லிட்டர், வெறும் எடை 1.2 கிலோ. ஒன்பதரை நாள் சாப்பாடு நாளுக்கு 650 கிராம் வீதம் 6 கிலோவுக்கு மேல். எடையை முதுகு தாங்கிவிடும், கன அளவைத்தான் டப்பா தாங்காது. கடையில் வாங்கும் உலர்சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதி காற்று. அதையெல்லாம் கிழித்து மெல்லிய ஜிப் பைக்கு மாற்றி, காற்றைப் பிதுக்கி, கடைசி நாள் சாப்பாடு அடியில் கிடக்கும்படி அடுக்க வேண்டும். நூடுல்ஸை நொறுக்கிவிடலாம். நெய், ஆலிவ் எண்ணெய் இரண்டும் கிராமுக்கு 9 கலோரி. இரவுச் சாப்பாட்டில் ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் டப்பாவில் ஒரு நாள் இடம் மிச்சம்.

அரிசி கூடாது. 300 மீட்டர் ஏற ஏற நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். 3,300 மீட்டரில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பச்சரிசி முக்கால் வேக்காட்டில் நிற்க, காஸ்தான் தீரும். பருப்பு அதைவிட மோசம். அவலும் கூஸ்கூஸும் வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் மலர்ந்துவிடும். பருப்பு வேண்டுமென்றால் வறுத்து அரைத்த பருப்புப் பொடி. வெந்நீருக்கு மட்டும் அடுப்பு மூட்டினால் ஆளுக்கு 230 கிராம் காஸ் குப்பி ஒன்று பத்து நாளைத் தாண்டும்.

பண்ணையை விட்டுக் கிளம்பும்போது மூட்டை 16 கிலோ. பியூட் கிரீக் பாலம் தாண்டினால் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா. மாலையில் எவல்யூஷன் கிரீக்கைக் கால் நனைத்துத் தாண்ட வேண்டும், பாலம் கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. பனி உருகும் ஜூனில் இதே இடம் இடுப்பைத் தாண்டும். செருப்பைக் கழற்றாமல், மூட்டையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு இறங்க வேண்டும். விழுந்தால் மூட்டையை உதறிவிட முடியாதவனைத்தான் ஆறு இழுத்துக்கொண்டு போகும்.

ஆகஸ்ட் 21. எவல்யூஷன் ஏரி வரை, 13 கி.மீ.

புல்வெளி, பைன் மரம், மறுபடி புல்வெளி. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் கொசு ஓய்ந்துவிடுகிறது, இந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு காரணமே போதும். பள்ளத்தாக்கின் முடிவில் ஒரு செங்குத்து ஏற்றம், அதன் தலைமாட்டில் 3,300 மீட்டரில் ஏரி. சுற்றியுள்ள சிகரங்களுக்கெல்லாம் டார்வின், ஹக்ஸ்லி, வாலஸ் என்று பரிணாமக்காரர்களின் பெயர்கள்.

இரவில் தண்ணீர்க் குடுவையின் வாயில் பனித்தகடு. அதோடு ஓர் இழப்பும். பிழிந்து வடிகட்டும் வகைத் தண்ணீர் வடிகட்டி, கூடாரத்துக்கு வெளியே குடுவையில் மாட்டியபடியே கிடந்து உறைந்துவிட்டது. அதற்குள் இருப்பவை மெல்லிய குழாய்க் கற்றைகள். உள்ளே தங்கிய ஈரம் உறைந்து விரிந்தால் அவை கீறிவிடும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், சொல்லப்போனால் முன்னைவிட வேகமாக வரும். அதுதான் கெட்டுப்போனதற்கு அடையாளம். அதன்பிறகு அதை நம்பக் கூடாது. உறைபனி வரக்கூடிய இரவெல்லாம் வடிகட்டி உறங்குபைக்குள், கால்மாட்டில் கிடக்க வேண்டும். இது தெரிந்தும் களைப்பில் மறப்பதுதான் வழக்கம்.

மாற்றாகக் குளோரின் டை ஆக்சைடு மாத்திரை இருந்தது. லிட்டருக்கு ஒன்று. பாக்டீரியாவுக்கு அரை மணி நேரம் போதும். குடலைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு, அதுவும் குளிர்ந்த நீரில், நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே இனிமேல் நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரை இன்றிரவே தயார் செய்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 22. மியூர் கணவாய் (3,644 மீ.), லெ காண்ட் கேன்யன் வரை, 21 கி.மீ.

கணவாயின் இருபுறமும் இரண்டு ஏரிகள்: வடக்கே வாண்டா, தெற்கே ஹெலன். இரண்டும் இயற்கைப் பாதுகாவலர் ஜான் மியூரின் மகள்களின் பெயர்கள். வாண்டா ஏரிக்கரையில் புல்கூட இல்லை, கல்லும் தண்ணீரும் வானமும்தான். கணவாய் உச்சியில் தேன்கூடு வடிவக் கல்குடிசை ஒன்று, 1930-ல் மியூர் தொடங்கிய சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் கட்டியது. உள்ளே சுற்றிலும் கல்திண்ணை. புயலில் மாட்டியவர்கள் ஒதுங்கத்தான் அது, இரவு தங்க அனுமதி இல்லை. உள்ளே மூன்று பேர் உட்கார்ந்து வேர்க்கடலை வெண்ணெயைக் கரண்டியால் வழித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நுழைகிறவருக்கெல்லாம் நகர்ந்து இடம் விட்டார்கள், ஆனால் டப்பாவை மட்டும் நீட்டவில்லை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒன்பது நாள் ரேஷனில் பகிர்ந்துகொள்ளாதது கருமித்தனம் ஆகாது.

தெற்கு இறக்கத்தில் நிழல் விழும் மூலைகளில் பழைய பனித்திட்டு. காலையில் அது கண்ணாடி, பத்து மணிக்குமேல் அதிலேயே கால் பதியும். பள்ளத்தாக்கில் பாதையோரம் ஒரு பாறை, வாய் பிளந்த மிருகம்போல. யாரோ அதன் வாயில் வெள்ளைக் கற்களைப் பல்லாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குள் தலையை விட்டுப் படம் எடுத்துக்கொள்ளாமல் ஒருவரும் போவதில்லை.

இரவு முகாம் ஏறத்தாழ நம் தொட்டபெட்டா உயரம். மூச்சு இலகுவாக வந்தது.

ஆகஸ்ட் 23. கீழ் பாலிசேட் ஏரி வரை, 18 கி.மீ.

காலை முழுக்க இறக்கம், 2,450 மீட்டர் வரை. பிறகு அந்த இறக்கத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

நடுவழியில் கோவேறு கழுதைக் கூட்டம் எதிர்ப்பட்டது. பாதையை விட்டு விலகி, அசையாமல் நின்று, ஓட்டி வருகிறவரிடம் சாதாரணக் குரலில் பேச்சுக் கொடுக்க வேண்டும். பேசாமல் நிற்கும் முதுகுமூட்டை உருவம் கழுதைக்கு மனிதனாகத் தெரிவதில்லை, மிரண்டுவிடுகிறது. ஓட்டி தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னார்.

பிற்பகலில் தங்கப் படிக்கட்டு. இந்தப் பாதையின் வேலை 1915-ல் தொடங்கியது. கடைசியாக முடிந்த துண்டு இது, 1938-ல். பாறைச் சுவரில் வெடிவைத்துப் பெயர்த்து, கல்லைக் கல்லோடு அடுக்கி, சாந்து பூசாமல் கட்டிய படிகள். வெயில் விழும் சுவர் என்பதால் மத்தியானத்தில் அடுப்பங்கரைச் சூடு. காலை ஒன்பதுக்குள்ளோ மாலை நான்குக்கு மேலோ ஏற வேண்டிய இடம் இது. இன்று ஏறியது இரண்டு மணிக்கு. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் தீர்ந்தது.

ஆகஸ்ட் 24. மேதர் கணவாய் (3,688 மீ.), மார்ஜரி ஏரி வரை, 19 கி.மீ.

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதரின் பெயர் கொண்ட கணவாய். தூரத்திலிருந்து பார்த்தால் பாதை எங்கே போகிறது என்றே தெரியாது, சுவர் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் போனால் கற்குவியலுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறுகிறது.

ஏரிக்கரையில் மண் நான்கு விரல் ஆழம்தான், அடியில் கருங்கல். கூடார முளை இறங்காது. கயிற்று நுனியைச் சின்னக் கல்லில் கட்டி, அந்தக் கல்லுக்கு முன்னால் கயிற்றின்மேல் பெரிய கல்லைத் தூக்கி வைக்க வேண்டும். காற்று இழுக்கும்போது சின்னக் கல் பெரியதில் முட்டி நின்றுவிடும். பெரிய கல்லிலேயே கயிற்றைச் சுற்றினால் நடுராத்திரியில் அறுந்துவிடும், கருங்கல் ஓரம் அரம் மாதிரி. காலையில் கல்லையெல்லாம் இருந்த இடத்திலேயே போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஆகஸ்ட் 25. பின்ஷோ கணவாய் (3,697 மீ.), வூட்ஸ் கிரீக் பாலம் வரை, 16 கி.மீ.

எட்டரைக்கெல்லாம் கணவாயில். பிறகு 1,100 மீட்டர் நீண்ட இறக்கம். வூட்ஸ் கிரீக்கின்மேல் தொங்குபாலம், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்று பலகை. நடுவில் போனதும் பலகைகள் நம் நடைக்கு எதிர்த்தாளத்தில் எழும்பும். கால் அகட்டி மெதுவாக நடந்தால் ஆட்டம் அடங்கும்.

கரையில் கரடிக்காக இரும்புப் பெட்டகம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் யாரோ ஒரு கூட்டம் விட்டுப்போன குப்பை: ஈரத் துடைப்பான், பாதி தின்ற உலர்சாப்பாடு, காலி காஸ் குப்பி. இந்தப் பாதையில் ஆறு நாளாகக் கண்ணில் பட்ட முதல் அசிங்கம். குப்பியை ஒருவர், மற்றதை ஒருவர் என்று அங்கிருந்தவர்களே பங்கு போட்டுச் சுமந்தார்கள்.

ஆகஸ்ட் 26. ரே ஏரிகள், கிளென் கணவாய் (3,651 மீ.), விடெட் மெடோ வரை, 21 கி.மீ.

ரே ஏரிகளில் நின்று பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். இன்று பத்து மணிக்கே தெற்கில் மேகம் காலிஃபிளவர் மாதிரி கிளம்பிவிட்டது.

மின்னலைக் கண்டதும் எண்ண ஆரம்பித்து இடி கேட்கும்வரை எண்ண வேண்டும். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குக் கீழே வந்துவிட்டால் கணவாய்ப் பேச்சே கூடாது. கிளென் கணவாயின் முதுகு கத்தி விளிம்பு, ஒதுங்க ஓர் இண்டு இடுக்கு இல்லை. முதல் இடி ஏரிப்பக்கத்திலேயே இருபது வினாடியில் வந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த ஆறேழு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி இறங்கினார்கள். ஒரே உயரமாக நின்ற சின்ன மரக்கூட்டத்துக்குள் புகுந்து, ஊன்றுகோல்களைத் தள்ளிப் போட்டு, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, சுருட்டிய மெத்தையின்மேல் குந்தி உட்கார்ந்தோம். ஆலங்கட்டி பட்டாணி அளவு, நாற்பது நிமிடம். தரை வெளுத்துவிட்டது. இரண்டரை மணிக்கு வானம் ஒன்றுமே நடக்காததுபோல நீலம். ஈரக்கல்லில் ஏறி நான்கே காலுக்குக் கணவாய், விடெட் மெடோ சேரும்போது நெற்றி விளக்கு போட வேண்டியதாயிற்று.

வழியில் கியர்சார்ஜ் கணவாய்க்குப் பிரியும் பாதை. சாப்பாடு தீர்ந்தவர்கள் அந்த வழியே, சாலை வந்து முடியும் ஆனியன் பள்ளத்தாக்குக்கு வெளியேறுவார்கள். 12 கி.மீ. போக, 12 கி.மீ. வர. இன்றைக்கு அங்கே திரும்பியவர்கள் முகத்தில் பீட்சா ஆசை எழுதி ஒட்டியிருந்தது.

ஆகஸ்ட் 27. ஃபாரெஸ்டர் கணவாய் (4,009 மீ.), டிண்டல் கிரீக் வரை, 21 கி.மீ.

விட்னிக்கு முந்தைய உயரமான கணவாய். காலையில் 1,100 மீட்டர் ஏற்றம். ஆறரைக்குக் கிளம்பி பதினொன்றுக்கு மேலே. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் நின்று வழி விடுகிறார்கள், ஏறுகிறவருக்குத்தான் முன்னுரிமை என்பது எழுதாத சட்டம். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது இந்த மரியாதை ஒரு தொல்லை. அவர்கள் காத்திருக்கிறார்களே என்று நிற்காமல் ஏற வேண்டியிருக்கிறது. “நீங்க வாங்க” என்று கைகாட்டிவிட்டு நின்று மூச்சு விடுவதே நல்லது.

மேலே தாழ்வு ஒரு கார் அகலம்கூட இல்லை. இந்தப்பக்கம் கிங்ஸ் கேன்யன், அந்தப்பக்கம் செக்கோயா தேசியப் பூங்கா. தெற்கு முகம் செங்குத்து, வளைவுகள் பாறையிலேயே குடைந்தவை. அந்த வேலையில் உயிர்விட்ட ஓர் இளம் தொழிலாளிக்குப் பாதையோரத்தில் நினைவுத் தகடு இருக்கிறது.

கரடி டப்பாவைப் பற்றி ஒன்று. காலைக் குளிரில் பிளாஸ்டிக் விறைத்து, மூடியின் புடைப்பைத் தாண்டித் திருக விரலுக்குப் பலம் போதாது. மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவே ஏ.டி.எம். அட்டையைச் செருகி, புடைப்பின்மேல் வழுக்கவிட்டுத் திருப்பினால் சட்டென்று திறக்கும். பக்கத்துக் கூடாரத்துப் பையன் கல்லால் தட்டிக்கொண்டிருந்தான். அட்டையைக் காட்டியதும் முகம் மலர்ந்தது. அந்த அட்டைக்கு இந்த மலையில் வேறு வேலையும் இல்லை.

ஆகஸ்ட் 28. பிக்ஹார்ன் மேட்டுவெளி, கிராப்ட்ரீ, கிட்டார் ஏரி, 18 கி.மீ.

பிக்ஹார்ன் மேட்டுவெளி 3,480 மீட்டரில் விரித்துப் போட்ட பாய் மாதிரி. ஓரத்தில் முறுக்கிய தண்டுடன் நரிவால் பைன்கள். கிழக்கே முதன்முறையாக விட்னியின் முதுகு தெரிகிறது. உருவத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, பக்கத்துச் சிகரங்கள்தான் கம்பீரமாக நிற்கின்றன. 1871-ல் நிலவியலாளர் கிளாரன்ஸ் கிங், விட்னி என்று நினைத்துத் தெற்கே உள்ள லாங்லி சிகரத்தில் ஏறிவிட்டார். பிழை 1873-ல் வெளியே வந்தது. அவர் திரும்பி வருவதற்குள் லோன் பைன் ஊரைச் சேர்ந்த மீன்பிடிக்கப் போன மூன்று பேர், அந்த ஆகஸ்டில், உண்மையான விட்னி உச்சியில் நின்றுவிட்டார்கள்.

இதுவரை கூடவே வந்த பசிபிக் நெடும்பாதை கிராப்ட்ரீயில் தெற்கே பிரிந்துவிடுகிறது. அங்கே ஒரு பெட்டியில் மலப்பைகள். விட்னி வட்டாரத்தில் குழி தோண்டக் கூடாது, எல்லாவற்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பைக்குள் ஒரு பொடி, ஈரத்தை இறுக்கிக் கூழாக்கிவிடும். அதை இன்னொரு கெட்டிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கிக் கட்டி, மூட்டையின் வெளிப்பையில் வைக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு எடுப்பது புத்தி. உயரத்தில் வயிறு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

கிட்டார் ஏரி 3,500 மீட்டர். பெயருக்கேற்ற வடிவம், ஆனால் அது மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். மாலை ஐந்துக்கு முப்பது கூடாரமாவது இருக்கும், பேசுகிறவர்கள் குறைவு. எல்லாரும் இரண்டு மணிக்கு எழ வேண்டியவர்கள். நம்பகமான தண்ணீர் இனி உச்சியைத் தாண்டி மறுபக்கத்து டிரெயில் கேம்ப்பில்தான். ஆளுக்கு மூன்று லிட்டர், மாத்திரை போட்டு, ஆறு மணிக்கே தயார். குடுவைகளைத் தலைகீழாக நிறுத்தினோம். பனி மேலிருந்து கட்டும், தலைகீழாக இருந்தால் வாய் அடைபடாது.

ஆகஸ்ட் 29. விட்னி உச்சி, விட்னி போர்ட்டல், 25 கி.மீ.

இரண்டு மணி, மைனஸ் மூன்று டிகிரி. ஈரக் கூடாரத்தைச் சுருட்டியதில் விரல் மரத்துவிட்டது. மேலே சரிவில் ஏற்கெனவே விளக்குகள் எறும்பு வரிசை.

முதல் 4.8 கி.மீ.யில் 600 மீட்டர் ஏற்றம். உடம்பு சூடானதும் மேல்கோட்டைக் கழற்றிவிட வேண்டும். வியர்வை ஊறிய துணியோடு உச்சிக் காற்றில் நின்றால் பத்து நிமிடத்தில் நடுக்கம் பிடிக்கும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் அறுபது சதவீதத்தை ஒட்டித்தான். நான்கு அடிக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொண்டால் நிற்காமல் ஏறலாம். வேகமாகப் போய் நின்று நின்று ஏறுகிறவர்களைக் கடைசியில் தாண்டிவிடலாம். பத்து நாளாக உயரத்திலேயே படுத்து எழுந்ததால் தலைவலி யாருக்கும் இல்லை. மறுபுறம் சாலை வந்து முடியும் போர்ட்டலிலிருந்து ஒரே நாளில் ஏறி வருகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களில் இரண்டு பேர் பாதையோரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான்கேகாலுக்கு, போர்ட்டல் பாதை வந்து சேரும் சந்திப்பு, 4,100 மீட்டர். இங்கிருந்து உச்சி 3 கி.மீ., இதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஆகவே மூட்டையைக் கல்மேட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். அதில்தான் மார்மட்டுக்குப் பிழைப்பு. பூனை அளவில் கொழுத்த அணில் இனம். வைக்கிறவர்கள் ஜிப்பை இறுக மூடிவிட்டுப் போகிறார்கள், அது தப்பு. உள்ளே என்ன என்று பார்க்க மார்மட் துணியைக் கடித்து வழி பண்ணும். எல்லா ஜிப்பையும் திறந்து வாய் பிளந்து வைத்துவிட வேண்டும். சாப்பாடு டப்பாவுக்குள், டப்பா மூட்டைக்கு வெளியே. எல்லாம் செய்தும் ஒன்று விட்டுப்போயிற்று: கல்மேல் சாய்த்துவைத்த ஊன்றுகோலின் கைப்பட்டை. பத்து நாள் வியர்வை உப்பு அதில் ஊறியிருந்தது. திரும்பி வந்தபோது ஒரு பட்டை அடியோடு காணோம், கைப்பிடித் தக்கையில் பல்தடம்.

உச்சிப்பாதை முகட்டின் மேற்கு ஓரமாகவே போகிறது. இடையிடையே ஊசிப்பாறைகளுக்கு நடுவே சந்து. அதில் கிழக்குக் காற்று குபுக்கென்று முகத்தில் அறையும். விளக்கை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தால், மூவாயிரம் மீட்டர் கீழே ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஊர் விளக்குகள். கடைசிப் பகுதி சரிவான கற்பரப்பு. பாதை பல கிளையாகச் சிதறும், எது வழியாகப் போனாலும் சேர்ந்துவிடும்.

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு உச்சி. பரந்த கல்தளம், அதில் 1909-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வான்ஆய்வுக்காகக் கட்டிய கல்வீடு, தகரக் கூரை. மழைக்கு ஒதுங்கலாம் என்று தோன்றும், ஒதுங்கக் கூடாது. 1990-ல் புயலுக்கு உள்ளே நின்ற ஒருவர் மின்னல் பாய்ந்து இறந்தார். வெளியே இரும்புப் பெட்டியில் கையெழுத்துப் புத்தகம். பேனா மை உறைந்திருந்தது, அக்குளில் வைத்துச் சூடாக்கித்தான் எழுத முடிந்தது. பழைய தகட்டில் உள்ள உயரம் இன்றைய 14,505 அடியைவிடச் சில அடி குறைவு. மலை வளர்ந்துவிடவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. பையூட் மக்கள் இதைத் துமங்குயா என்கிறார்கள். கலிஃபோர்னியாவின் நிலவியல் அளவையாளர் ஜோசையா விட்னியின் பெயர் 1864-ல்தான் இதன்மேல் ஏறியது.

சூரியன் வந்ததும் மேற்கே மலைத்தொடர்மேல் விட்னியின் நிழல் முக்கோணமாக நீண்டது. செல்பேசியில் இரண்டு கோடு சிக்னல். படம் எடுப்பதை விட்டுவிட்டுப் பாதிப் பேர் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்டு அழுத ஒரு பெண்ணுக்கு, யாரென்றே தெரியாத ஒருவர் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

ஏழேகாலுக்கு இறக்கம் தொடங்கியது. இதைத்தான் முதலிலேயே சொன்னது. சந்திப்பிலிருந்து டிரெயில் கிரெஸ்ட் என்ற கணவாய்க்கு நாற்பது மீட்டர் ஏற வேண்டும். முடிந்துவிட்டது என்று நினைத்த காலுக்கு அந்த நாற்பதே நானூறு. அங்கிருந்து புகழ்பெற்ற 99 வளைவுகள். நடுவே இரும்புக் கம்பி கட்டிய இடத்தில் ஊற்றுநீர் கசிந்து காலையில் பளிங்காகக் கிடக்கும். கம்பி வெளி ஓரத்தில் இருக்கிறது, பிடித்தபடி பாறைப்பக்கமாகக் கால் வைக்க வேண்டும்.

உச்சியிலிருந்து போர்ட்டல் வரை மொத்த இறக்கம் 1,870 மீட்டர். ஊன்றுகோலை ஏழெட்டு செ.மீ. நீட்டிக்கொள்ள வேண்டும். கணுக்கால் பக்கத்துச் செருப்புக் கயிற்றை இறுக்கி, முன்பாதத்தில் தளர்த்தினால் விரல் முன்னால் போய் முட்டாது. கால்நகத்தை நேற்று வெட்டாதவருக்கு இன்று ஒரு கறுப்பு நகம் நிச்சயம். டிரெயில் கேம்ப்பில் தண்ணீர் எடுத்து மாத்திரை போட்டால் குடிக்கும்போது மணி இரண்டரை ஆகியிருக்கும். நேற்று எடுத்த மூன்று லிட்டரில் மிச்சம் அரை லிட்டர். வடிகட்டி வைத்திருந்த ஒருவரிடம் கேட்டோம். கேட்டு முடிப்பதற்குள் அவர் எங்கள் குடுவையை வாங்கிப் பிழிய ஆரம்பித்துவிட்டார்.

அவுட்போஸ்ட் கேம்ப்புக்குக் கீழே மரநிழல், பைன் வாசனை, புழுதி. ஒவ்வொரு வளைவிலும் கீழே கார்கள் தெரியும், தெரிந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் வராது. இரண்டே முக்காலுக்குப் போர்ட்டல், 2,550 மீட்டர். மலப்பைக்கென்றே தனிக் குப்பைத்தொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் போட்டதும் முதுகைவிட மனசு லேசாயிற்று. கடையில் பர்கர், உருளைக்கிழங்கு வறுவல், குளிர்பானம்: 25 டாலருக்குச் சில்லறை கொஞ்சம் திரும்பியது. பர்கரில் பாதிதான் இறங்கிற்று, வயிறு சுருங்கியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று கேட்டது.

ஆகஸ்ட் 30. லோன் பைன்

போர்ட்டலிலிருந்து ஊர் 21 கி.மீ. நேற்று மாலை வாகன நிறுத்துமிடத்தில் கையை நீட்டிய பத்தாவது நிமிடம் ஒரு பழைய லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். பெட்ரோலுக்கு நீட்டிய பணத்தை வாங்கவில்லை, ஜன்னலை மட்டும் முழுக்க இறக்கச் சொன்னார். பதினொரு நாள் குளிக்காத வாடை அவருக்குப் பழக்கம்போலிருக்கிறது.

ஊர் 1,130 மீட்டர், மத்தியான வெயில் 36 டிகிரி. நெடுஞ்சாலை 395 ஓரத்தில் வடக்கே போகும் பேருந்துக்குக் காத்திருக்கையில் டப்பாவைக் கழுவலாம் என்று எடுத்தால், மூடி இரண்டு விரலில் சுழன்றது. வெயிலில் பிளாஸ்டிக் இளகியிருந்தது. அடியில் ஒரே ஒரு ஓட்ஸ் பொட்டலம். விடுதி வாசலில் நடையர்களுக்கென்று வைத்திருந்த பெட்டியில் போடப் போனோம். அதில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு கிடந்தன.